நெல் கணக்கும் தேர்வுச் சார்புகளும்

காவிரிப் பாசனப் பகுதியில் நெல் பயிராகும் பருவங்கள் மூன்று. ஆனி, ஆடி மாதங்களில் நட்டுப் புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பது குறுவை. ஆவணி வாக்கில் தொடங்கித் தையில் அறுப்பது சம்பா. குறுவை அறுத்த வயலிலேயே மறுபடியும் நட்டு, மாசி வாக்கில் அறுப்பது தாளடி. விளைந்த நெல்லும் விற்பனைக்கு வரும்போது இரண்டாகப் பிரிகிறது. அரிசியின் நீளம் அகலத்தைப் போல் இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது சன்ன ரகம். அதற்குக் குறைந்தால் பொது ரகம்.

மூன்று பருவம், இரண்டு ரகம் என்பது வாயால் சொல்ல எளிதுதான். ஆனால் இந்தக் கணக்கைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கும்போது, 'இதற்கு இது, அதற்கு அது' என்று அதற்குத் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும். இவ்வாறு சொல்லித்தருவதற்கென்றே தரவுத்தள மென்பொருள்களில் சில சார்புகள் உள்ளன. அவற்றைத் தேர்வுச் சார்புகள் என்று அழைக்கலாம். அவை எவ்வாறு இயங்குகின்றன, எந்த இடத்தில் உதவுகின்றன, எந்த இடத்தில் ஓசையின்றிக் கணக்கைக் கெடுத்துவிடுகின்றன என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணால் குறிப்பது ஏன்?

திருவாரூர் மாவட்டம், வலங்கைமான் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வூரில் இருபது குடும்பங்கள் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லையும், அதற்கு வரவேண்டிய தொகையையும் இளைஞர் ஒருவர் கணிப்பொறியில் பதிந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்னும் மென்பொருள். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த இது, இன்றும் பல அலுவலகங்களில் மேசைக் கணிப்பொறித் தரவுத்தளமாகப் பயன்பட்டு வருகிறது.

தரவுத்தளம் என்பது பெரும்பாலும் அட்டவணைகளின் தொகுப்பே. ஒவ்வொரு வரிசையும் ஒரு பதிவு. ஒவ்வொரு பத்தியும் ஒரு புலம். நம் இளைஞரின் அட்டவணையில் உழவர் எண், நாள், பருவம், ரகம், சிப்பங்களின் எண்ணிக்கை, ஈரப்பதம் என்று புலங்கள் உள்ளன.

இவற்றில் 'பருவம்' என்னும் புலத்தில் ஒவ்வொரு முறையும் 'குறுவை' என்று தட்டினால் என்ன ஆகும்? ஒரு நாள் 'குறுவை' என்றும், மறுநாள் அவசரத்தில் 'குருவை' என்றும் விழும். நாம் இரண்டையும் ஒன்றாகவே படித்துக்கொள்வோம். கணிப்பொறிக்கோ இவை வெவ்வேறு சொற்கள். எனவே அது நான்காவதாக ஒரு பருவத்தைக் கண்டுபிடித்துத் தனிக் கணக்குக் காட்டும். இதைத் தவிர்க்கவே குறுவைக்கு 1, சம்பாவுக்கு 2, தாளடிக்கு 3 என்று எண்களைக் குறியீடாக வைக்கிறார்கள். திரையில் மூன்று பொத்தான்களை வரைந்து, ஒன்றை அழுத்தினால் அதற்குரிய எண் பதிவாகும்படியும் செய்யலாம்.

பதிவு செய்ய எண் போதும். ஆனால் கணக்கை அச்சிட்டு உழவரின் கையில் கொடுக்கும்போது '2' என்று இருந்தால் அவருக்கு என்ன விளங்கும்? அங்கே 'சம்பா' என்று இருக்க வேண்டும். எண்ணைப் பெயராக மாற்றும் வேலையைத்தான் முதல் தேர்வுச் சார்பு செய்கிறது.

சூஸ்: சுழல் பொத்தான்

அச்சார்பின் பெயர் சூஸ். 'தேர்ந்தெடு' என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்தான் அது. கணிப்பொறியில் அதை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். இங்கே ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். அதன் அமைப்பு இது:

சூஸ்([பருவம்], "குறுவை", "சம்பா", "தாளடி")

அடைப்புக்குறிக்குள் முதலில் நிற்பது சுட்டெண். அதன்பின் வரிசையாக நிற்பவை விடைகள். சுட்டெண் 1 ஆனால் முதல் விடையும், 2 ஆனால் இரண்டாம் விடையும் கிடைக்கும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மல்டிமீட்டரைக் கையாண்டவர்களுக்கு இது புதிதன்று. அதன் சுழல் பொத்தானை எந்த நிலைக்குத் திருப்புகிறோமோ அந்தச் சுற்று மட்டும் இணையும். சூஸ் என்பதும் அத்தகைய பொத்தானே. ஒரே ஒரு வேறுபாடு: சூஸில் 0 என்னும் நிலை கிடையாது. எண்ணுவது 1இலிருந்துதான்.

இதன் பயனுக்கு மற்றோர் எடுத்துக்காட்டு. ஒரு தேதியைக் கொடுத்தால் அது வாரத்தின் எத்தனையாவது நாள் என்று கூறும் 'வீக்டே' என்னும் சார்பு ஆக்சஸில் உண்டு. நாம் வேறுவிதமாகக் கூறாதவரை ஞாயிறு 1, சனி 7 என்று அது கணக்கிடும். அதைச் சூஸுக்குள் வைத்து, ஞாயிறு முதல் சனி வரை ஏழு பெயர்களையும் வரிசையாக எழுதிவிட்டால், ரசீதில் கிழமை தமிழிலேயே அச்சாகும். வாரத்துக்கு ஏழு நாள் என்பதும் அவற்றின் வரிசையும் மாறப்போவதில்லை. ஆகையால் சூஸுக்கு மிகப் பொருத்தமான இடம் இது.

ஆனால் ஆங்கில மாத எண்ணைக் கொண்டு தமிழ் மாதப் பெயரைத் தேர்ந்தெடுக்க முயலாதீர்கள். தை பிறப்பது ஜனவரியின் நடுவில். ஜனவரி 5ஆம் நாள் மார்கழியில் இருக்கும், 25ஆம் நாள் தையில் இருக்கும். இரண்டுக்கும் மாத எண் 1தான். ஓர் எண்ணுக்கு ஒரே விடை என்னும் இடத்தில்தான் சூஸ் செல்லும்.

இடம் மாறினால் பொருள் மாறும்

சூஸில் பொருள் அடங்கியிருப்பது விடையின் இடத்தில். இதை மறந்தால் விபரீதம் விளையும். சில ஆண்டுகள் கழித்து அவ்வூரில் கோடை நெல்லும் பயிரிடத் தொடங்குகிறார்கள் என்று கொள்வோம். ஆண்டின் வரிசைப்படி கோடை முதலில் வருவதுதானே அழகு என்று எண்ணி, நம் இளைஞர் இவ்வாறு மாற்றி எழுதுகிறார்:

சூஸ்([பருவம்], "கோடை", "குறுவை", "சம்பா", "தாளடி")

மென்பொருள் இதை மறுக்காது. பிழைச் செய்தியும் வராது. ஆனால் முன்பு 1 என்று பதிந்த குறுவை முழுவதும் கோடை ஆகிவிடும். சம்பா குறுவையாகும், தாளடி சம்பாவாகும். அட்டவணையில் ஓர் எழுத்தும் மாறாமலே பழைய கணக்கு முழுவதும் பெயர் மாறி நிற்கும். புதிய விடையை எப்போதும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதல் விதி.

தரவுத்தள வரலாறு அறிந்தோர்க்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். இன்றைய அட்டவணைவழித் தரவுத்தளங்களுக்கு அடிப்படையிட்டவர், ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். 1970ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையின் முக்கியக் கருத்துகளுள் ஒன்று, விவரங்களின் பொருள் அவை சேமிக்கப்பட்ட வரிசையைச் சார்ந்திருத்தல் கூடாது என்பது. 1981இல் அவருக்கு டூரிங் பரிசு வழங்கப்பட்டது. அவர் முயன்று நீக்கிய அந்த வரிசைச் சார்பையே சூஸ் பின்வாசல் வழியாக மீண்டும் உள்ளே கொண்டுவருகிறது எனலாம்.

ஓசையில்லாத இழப்பு

சுட்டெண் 4 என்று தவறாகப் பதிவாகி, விடைகள் மூன்றே இருந்தால் சூஸ் என்ன செய்யும்? பிழை என்று கூவாது. வெற்று மதிப்பைத் தரும். 0 கொடுத்தாலும் அப்படியே. இந்த வெற்று மதிப்பை மென்பொருள் 'நல்' என்று குறிக்கிறது. இது சுழியம் அன்று. 'தெரியாது' என்பதே அதன் பொருள். தெரியாத ஒன்றை எந்த எண்ணால் பெருக்கினாலும் விடை தெரியாததே.

பருவத்தின் பெயர் விடுபட்டால் கண்ணில் பட்டுவிடும். பணம் விடுபட்டால்? நம் இளைஞர் விலையையும் சூஸ் கொண்டே எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2024-25 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டில் ஒரு குவிண்டாலுக்குச் சன்ன ரகத்திற்கு 2,450 ரூபாயும், பொது ரகத்திற்கு 2,405 ரூபாயும் வழங்கப்பட்டன. சன்னத்துக்கு 1, பொதுவுக்கு 2 என்று குறியீடு வைத்து அவர் எழுதுவது:

சூஸ்([ரகம்], 2450, 2405)

கொள்முதல் நிலையத்தில் சிப்பம் ஒன்றுக்கு 40 கிலோ. ஓர் உழவர் போட்ட சன்ன நெல் 50 சிப்பம், அதாவது 20 குவிண்டால். வரவேண்டிய தொகை 49,000 ரூபாய். ஆனால் ரகத்தில் 1 என்பதற்குப் பதிலாக 3 என்று விரல் தவறி விழுந்துவிட்டது. விலை 'நல்', எனவே தொகையும் 'நல்'. கடைசியில் இருபது குடும்பங்களின் தொகையையும் கூட்டும்போது, கூட்டல் சார்பு 'நல்' உள்ள பதிவுகளைத் தாண்டிச் சென்றுவிடும். மொத்தத்தில் 49,000 ரூபாய் குறையும். திரையில் எந்த எச்சரிக்கையும் இராது.

எக்செல் போன்ற விரிதாளில் இதே பெயருள்ள சார்பு, எல்லை மீறிய எண்ணைக் கண்டால் பிழைக் குறியைக் காட்டும். கூட்டுத்தொகையிலும் அப்பிழை தெரியும். அது கூச்சல் போடும், ஆக்சஸ் மௌனம் சாதிக்கும். விரிதாளில் பழகிவிட்டுத் தரவுத்தளத்துக்கு வருபவர்கள் ஏமாறும் இடம் இது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எண்ணிக்கைச் சார்பை இருமுறை பயன்படுத்துங்கள். மொத்தப் பதிவுகள் எத்தனை என்று ஒருமுறையும், 'தொகை' புலத்தில் மதிப்புள்ள பதிவுகள் எத்தனை என்று மறுமுறையும் கேளுங்கள். இரண்டாவது எண்ணிக்கையில் 'நல்' சேராது. இரு எண்களும் ஒன்றாக இல்லையென்றால், வித்தியாசம் எவ்வளவோ அத்தனை பதிவுகளில் கோளாறு உள்ளது.

சுவிட்ச்: வாய்க்கால் மடைகள்

எல்லாத் தேர்வுகளும் 1, 2, 3 என்று அமைவதில்லை. ஈரப்பதத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லில் நீர் கூடினால் அதன் மின்பண்புகள் மாறுகின்றன. அம்மாற்றத்தை அளந்து ஈரமானி சதவீதமாகக் காட்டுகிறது. கொள்முதலுக்கு வழக்கமாக ஏற்கப்படும் உச்ச அளவு 17 சதவீதம். வீட்டில் சில மாதங்கள் சேமித்து வைப்பதற்கோ 14 சதவீதத்துக்கு மிகாமல் இருப்பது நல்லது. இங்கே தேவைப்படுவது நிபந்தனை. இதற்கு உதவுவது சுவிட்ச் என்னும் சார்பு:

சுவிட்ச்([ஈரப்பதம்] <= 14, "சேமிக்கலாம்", [ஈரப்பதம்] <= 17, "விற்கலாம்", [ஈரப்பதம்] > 17, "காயவைக்க வேண்டும்")

நிபந்தனை ஒன்று, விடை ஒன்று என்று இணை இணையாக எழுத வேண்டும். முதன்முதலில் மெய்யாகும் நிபந்தனைக்குரிய விடையே கிடைக்கும். வாய்க்காலில் வரிசையாக மடைகள் இருக்கின்றன. தலைப்பில் திறந்திருக்கும் மடையிலேயே நீர் முழுவதும் பாய்ந்துவிட்டால் கீழ்மடைகளுக்கு ஒன்றும் எட்டாது. சுவிட்ச் இயங்குவதும் அப்படித்தான்.

ஆகவே இங்கும் வரிசை முக்கியம். 17க்குரிய நிபந்தனையை முதலில் எழுதிவிட்டால், 12 சதவீத ஈரமுள்ள நெல்லும் 17க்கு உட்பட்டதுதானே? அது முதல் மடையிலேயே இறங்கி 'விற்கலாம்' என்று நின்றுவிடும். 'சேமிக்கலாம்' என்னும் விடை ஒருபோதும் வராது. இறுக்கமான நிபந்தனை முன்னே, தளர்ந்த நிபந்தனை பின்னே என்பது இரண்டாம் விதி.

எந்த நிபந்தனையும் பொருந்தாவிட்டால் சுவிட்சும் 'நல்' தரும். இதற்காகக் கடைசி நிபந்தனையாக 'ட்ரூ', அதாவது 'மெய்', என்று எழுதி ஒரு பொது விடையை வைப்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பொது விடை என்ன என்பதில் கவனம் வேண்டும். மேலே கூறிய சார்பில் கடைசி நிபந்தனைக்குப் பதிலாக 'ட்ரூ' என்று எழுதி, 'காயவைக்க வேண்டும்' என்பதைப் பொது விடையாக்கினால், ஈரமே அளக்காத நெல்லுக்கும் அத்தீர்ப்பு விழ இடம் உண்டு. அளக்காத ஒன்றை 14உடன் ஒப்பிட்டால் 'ஆம்' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது. ஆதலால் 'இஸ்நல்' என்னும் சார்பால் புலம் காலியா என்று முதல் நிபந்தனையிலேயே கேட்டு, 'அளக்கவில்லை' என்று விடை எழுதுவதே நேர்மையான கணக்கு.

இரண்டே வழிகள் உள்ள தேர்வுக்கு 'ஐஐஎஃப்' என்னும் சார்பு போதும். நிபந்தனை, மெய்யானால் ஒரு விடை, பொய்யானால் ஒரு விடை என்னும் மூன்றே பகுதிகள் அதற்கு. நிரல் எழுதுவோர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆக்சஸின் நிரல்மொழியில் சூஸ், சுவிட்ச், ஐஐஎஃப் மூன்றுமே தமக்குள் எழுதப்பட்ட எல்லா விடைகளையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டே ஒன்றைத் தருகின்றன. 'பரப்பு சுழியமானால் 0, இல்லையேல் விளைச்சலைப் பரப்பால் வகு' என்று ஐஐஎஃப் கொண்டு எழுதினால், தேவைப்படாத அந்த வகுத்தலும் நடந்து, சுழியத்தால் வகுத்த பிழை ஏற்படும். அத்தகைய இடத்தில் நிரலின் சாதாரண 'இஃப்' கூற்றையே பயன்படுத்த வேண்டும்.

விலையைச் சார்புக்குள் வைக்கலாமா?

இப்போது மிக முக்கியமான கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் உழவர் பெற்ற கொள்முதல் விலை, குவிண்டாலுக்கு, ஊக்கத்தொகையும் சேர்த்து இதுதான்:

2023-24: சன்ன ரகம் ரூ. 2,310, பொது ரகம் ரூ. 2,265
2024-25: சன்ன ரகம் ரூ. 2,450, பொது ரகம் ரூ. 2,405
2025-26: சன்ன ரகம் ரூ. 2,545; பொது ரகம் ரூ. 2,500

ஆண்டுக்காண்டு விலை மாறுகிறது. விலையைச் சூஸுக்குள் எழுதியவர் புதிய ஆண்டில் என்ன செய்வார்? பழைய எண்களை அழித்துவிட்டுப் புதியவற்றை எழுதுவார். புதிய கணக்கு சரியாகவே வரும். பழைய கணக்கு?

ஓர் உழவர் 2023-24இல் 120 சிப்பம் சன்ன நெல் போட்டார். அது 48 குவிண்டால். 2,310 ரூபாய் வீதம் அவருக்கு வந்த தொகை 1,10,880 ரூபாய். அடுத்த ஆண்டு சார்பில் 2,450 என்று மாற்றியவுடன், கணிப்பொறி அதே பழைய நெல்லுக்கு 1,17,600 ரூபாய் என்று காட்டும். வங்கிப் புத்தகத்தில் 1,10,880தான் இருக்கிறது. '6,720 ரூபாய் எங்கே போனது?' என்று அந்த உழவர் கேட்டால், கணக்கு வைத்தவர் என்ன பதில் சொல்வார்? யாரும் ஒரு காசும் எடுக்கவில்லை. ஆனாலும் ஊரில் சந்தேகம் முளைத்துவிடும். அடிக்கடி முகம் பார்த்து வாழும் இருபது குடும்பங்களுக்கிடையே அது சிறிய இழப்பன்று.

சார்பு நல்லபடி தேர்ந்தெடுக்கும். ஆனால் அதற்கு நினைவு கிடையாது. நேற்று என்ன விலை என்பதை அது அறியாது. இன்று அதில் எழுதியிருப்பதைக் கொண்டே நேற்றையதையும் கணக்கிடும். நினைவில் நிறுத்த வேண்டியவை இருக்க வேண்டிய இடம் அட்டவணை. மேலே கண்ட விலைகளை ஆண்டு, ரகம், விலை என்னும் மூன்று புலங்கள் கொண்ட ஓர் அட்டவணையில் ஆறு பதிவுகளாக எழுதிவிடுங்கள். வினவலில் நெல் அட்டவணையையும் விலை அட்டவணையையும் ஆண்டு, ரகம் இரண்டாலும் இணைத்துவிட்டால், ஒவ்வொரு நெல்லுக்கும் அதனதன் ஆண்டு விலையே வரும். புதிய ஆண்டில் இரண்டு பதிவுகளைச் சேர்த்தால் போதும். எதையும் அழிக்க வேண்டியதில்லை. உழவர் கையில் உண்மையாகப் பெற்ற வீதத்தையும் அந்தந்தப் பதிவிலேயே எழுதி வைத்தல் இன்னும் பாதுகாப்பானது.

ரகத்தையும் இவ்வாறே ஒரு சிறு அட்டவணையில் எழுதி, அதில் இல்லாத எண்ணை ஏற்காதபடி உறவு அமைத்துவிடலாம். அப்போது 3 என்று தட்டினால் பதிவே ஏறாது. முன்பு கண்ட 49,000 ரூபாய் இழப்புக்கு வாயிலிலேயே தடை விழும்.

தமிழில் எழுதுவோர்க்கு

ஆக்சஸ் 2000 முதல் யூனிகோட் எழுத்துகள் ஏற்கப்படுவதால், புலங்களின் பெயர்களையும் வினவலில் உள்ள விடைகளையும் தமிழிலேயே எழுதலாம். ஆனால் நிரல் எழுதும் சாளரம் தமிழைக் காட்டாது, கேள்விக்குறிகளே தெரியும். தமிழ்ச் சொற்களை அட்டவணையில் வைப்பதற்கு இது மற்றொரு காரணம். விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் பேஸ் போன்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர், 'கேஸ்' எனத் தொடங்கும் கூற்றால் இதே வேலையைச் செய்யலாம். அது 1992ஆம் ஆண்டு எஸ்கியூஎல் தரநிர்ணயத்திலேயே இடம்பெற்றது.

எதைப் பயன்படுத்தினாலும், கணக்கை நம்பி ஒப்படைக்குமுன் மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். இல்லாத குறியீடு ஒன்றைக் கொடுங்கள். எல்லையில் நிற்கும் எண்களை, அதாவது சரியாக 14, சரியாக 17 என்பனவற்றைக் கொடுங்கள். புலத்தைக் காலியாகவும் விட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் வரும் விடைகளைக் காகிதத்தில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்.

கிழமைகளின் பெயரைப் போல என்றும் மாறாதவற்றைச் சார்பிடம் விடலாம். விலையைப் போல மாறுபவற்றை அட்டவணையில் எழுத வேண்டும். எதை எங்கே வைப்பது என்னும் இந்தத் தேர்வை மட்டும் எந்தச் சார்பும் நமக்காகச் செய்து தராது.